காரைக்குப் போனவன் பலாப்பழத்தோடு வந்தது

ஆலங்காயம்
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை

மைத்துனர் பாலமுருகன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் ராஜாக்கண்ணு அன்போடு எழுதிக்கொண்டது. ஓசூரில் நீங்களும் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உங்கள் அக்கா நீலாவதி மிகவும் நலமாக இருக்கிறாள். அவள் இவ்வளவு நலமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அக்கா அடுப்படியிலிருந்தே பதில் சொல்வாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், எனக்கு வரும் செய்தியை எல்லாம் அவள்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறாள், என் கண்ணாடி பத்தவில்லை. ஆகவே தபால் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது மேசையின் குற்றம்.

மச்சான், உங்கள் அக்கா பழைய நகை சேர்க்கிறாள். நகை என்றதும் தங்கம், லாக்கர் என்று நீங்கள் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் வெள்ளி. சிலது பித்தளை. ஒன்றிரண்டு எந்த உலோகம் என்று அதைச் செய்தவருக்கே தெரிந்திருக்காது. எல்லாம் ஜவ்வாது மலையில் எப்போதோ யார் கழுத்திலோ காலிலோ கிடந்தவை. நான் என் சர்வீஸ் முழுவதும் அந்த மலைப்பாதையில் கண்டக்டராக ஏறி இறங்கியவன் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த வளைவில் யார் வாந்தி எடுப்பார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். ரிட்டயர் ஆன அன்றைக்கு, இனிமேல் இந்த மலையைக் கீழே நின்று மட்டும்தான் பார்ப்பது என்று முடிவு கட்டியிருந்தேன். இப்போது சர்வீஸில் இருந்ததைவிட அதிகமாக மலைக்குப் போய் வருகிறேன். அப்போதாவது வார விடுமுறை இருந்தது.

ஆரம்பித்தது இப்படி. நான் ரிட்டயர் ஆன புதிதில் அவளுக்கு ஒரு கொலுசு வாங்கித் தரலாம் என்று ஆலங்காயம் பஜாரில் ஒரு வெள்ளிக் கடைக்குக் கூட்டிப் போனேன். அவளை உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே வண்டிக்குக் காவல் நின்றேன், தப்பு அங்கேதான். உள்ளே ராணியம்மாள் என்று காவலூர் தாண்டி மலைமேல் ஒரு ஊர்க்காரம்மா, தன் மாமியார் போட்டிருந்த வெள்ளிக் காரையை அழிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். காரை என்றால் கழுத்தை ஒட்டிக் கிடக்கும் கெட்டி வளையம். தராசில் ஏற வசதியாகக் கடைக்காரர் அதைத் துண்டாக்கக் கத்திரியை எடுத்திருக்கிறார். உங்கள் அக்கா அவர் கையைப் பிடித்துவிட்டாள். வெளியே வந்தபோது கையில் காரை இருந்தது, கொலுசு இல்லை. "கொலுசு எங்க?" என்றேன். "அந்தம்மாவுக்குக் குடுத்துட்டேன். அவங்களுக்குப் புதுசு வேணும், எனக்கு இதான் வேணும்" என்றாள். வீடு வரும்வரை வண்டியில் பின்னால் உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. என் இடுப்புக்குத்தான் தெரிந்தது.

அதோடு நிற்கும் என்று நினைத்தேன். காலுக்குத் தண்டை வந்தது, கைக்குக் காப்பு வந்தது, மூக்குக்குப் புல்லாக்கு வந்தது. எனக்குத்தான் அந்த மலையில் எல்லோரையும் தெரியுமே, என் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டாள். வந்ததை எல்லாம் ஜன்னல் பக்கம் வைத்து ஒரு பூதக்கண்ணாடியால் பார்ப்பாள். காவலூர் வானாய்வுக் கூடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு நட்சத்திரம் பார்ப்பவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு விளக்கம் சொல்வாள். "இன்னாங்க, இங்க பாருங்க. மெஷின்ல பண்ணது ஆயிரம் கழுத்துக்கு ஒரே மாரி இருக்கும். இது ஒரு கழுத்துக்குன்னு தட்டனது. உள்பக்கம் தொட்டுப் பாருங்க, தோல் பட்டுப் பட்டு வழவழன்னு ஆயிருக்குது." நான் தலையாட்டுவேன். சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

உதவி செய்யலாம் என்று ஒரு நாள், அவள் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், கறுத்துக் கிடந்த ஒரு தண்டையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. அவள் வந்து பார்த்தாள், எடுத்துத் துணியில் சுற்றி வைத்தாள். அந்தக் கறுப்புதான் அதன் வயது என்று அடுத்த வாரம் வேறு யாரிடமோ போனில் சொல்லும்போது தெரிந்துகொண்டேன். இன்னொரு நாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், அவள் யாரிடமோ பேசுகிறாள். "அமிர்தி ஊர்ப் பக்கம் ஒரு வங்கி பாத்தேன். வெளிய பாக்க நல்லா கெட்டியாத்தான் இருக்குது, ஆனா உள்ள ஒண்ணும் இல்ல, காலி. எப்ப நசுங்குமோ தெரியாது." நான் பென்ஷன் வாங்குகிறவன், மச்சான். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். என் பணம் இருக்கும் கிளையில் போய், ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறதே, உண்மையா என்று கேட்டதில், வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் பணத்தை எடுத்துவிட்டார்கள். மேனேஜர் என்னைத் தனியறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வங்கி என்றால் மேல்கையில் போடும் நகை என்று திரும்பி வந்த பிறகுதான் சொன்னாள். உள்ளே கூடாக இருந்தால் நசுங்குமாம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நகையைக் கொடுத்தவர்கள் வர ஆரம்பித்தார்கள், அதுதான் தாங்கவில்லை. ஊரில் யாராவது ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால் அதை மறந்துவிடுவார்கள் அல்லவா. இவர்கள் மறப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆலங்காயம் வந்தால், ரேஷன் கார்டு வேலையாக வந்தால், "அக்கா, என் தண்டைய ஒருவாட்டி பாத்துட்டுப் போறேன்" என்று வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். உங்கள் அக்கா எடுத்துக் கொடுப்பாள். காலில் மாட்டி நடந்து பார்ப்பார்கள். டீ, பிறகு சாப்பாடு. நான் பாயை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவேன். அடுத்த கட்டமாக, கல்யாணத்துக்கு இரவல் கொடுக்க ஆரம்பித்தாள். கொடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அந்த நகை அங்கே போயாக வேண்டுமாம், பெட்டியில் கிடந்தால் அதற்கு மூச்சு முட்டுமாம். கொண்டுபோய்க் கொடுப்பதும் வாங்கிவருவதும் யார் வேலை என்று நான் எழுத வேண்டியதில்லை.

போன வருஷம் வைகாசியில் அந்த ராணியம்மாளின் மகள் கலைவாணிக்குக் கல்யாணம். காரை போனது. நான்தான் கொண்டுபோனேன், பந்தியில் சாப்பிட்டேன், வந்துவிட்டேன். சடங்கு முடிந்ததும் அவர்களே கொண்டுவந்து தருவதாகப் பேச்சு. வரவில்லை. ஒரு நாள் ராணியம்மாளும் அவள் புருஷன் சின்னராசுவும் வந்தார்கள். வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். சின்னராசு துண்டைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். ராணியம்மாள்தான் சொன்னாள்.

"அக்கா, மாப்ள வூட்டுல அத பொண்ணு நகைன்னே நெனச்சிட்டாங்க. மாமியாரு எல்லார்கிட்டயும் காட்டுது. இரவல்னு இப்ப சொன்னா என் பொண்ணு அந்த வூட்டுல எப்டி தலை நிமுந்து நடக்கும்?"

உங்கள் அக்கா, "சொல்லாத ராணி. அவ போட்டுக்கட்டும்" என்றாள். அதில் ஒரு வருத்தமும் இல்லை அவள் முகத்தில். நான் பார்த்தேன். அப்புறம்தான் சின்னராசு வாயைத் திறந்தார். "அது இல்லம்மா. அந்தம்மா அத அழிச்சிட்டுப் புதுசா இன்னாவோ பண்ணலாம்னு சொல்லுதாம். இந்த வாரமே கடைக்குப் போவுதாம். பொண்ணு போன்ல அழுவுது."

அவர்கள் போன பிறகு அவள் சமையலறைக்குப் போனாள், உலை கொதித்தது, அரிசி போடவில்லை. சும்மா நின்றாள். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை, களைப்புதான் வந்தது. "இப்ப இன்னா பண்ணலாம்ங்கிற?" என்றேன். "நீங்க போங்க. டிக்கெட் எடுக்காத எத்தினி பேர்கிட்ட பேசி எடுக்க வெச்சிருக்கீங்க" என்றாள். "திருப்பிக் கேக்கட்டுமா?" "கேக்கக் கூடாது. அந்தப் பொண்ணு பேரு கெடக் கூடாது. ஆனா அத அழிக்கவும் கூடாது." இது என்ன மாதிரி வேலை என்று நீங்களே சொல்லுங்கள். கேட்காமல் வாங்க வேண்டும், வாங்காமல் காப்பாற்ற வேண்டும்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். புது கண்டக்டர் என்னிடமே சில்லறை கேட்டான். மலை ஏற ஏற எனக்கே குமட்டியது, சர்வீஸ் முழுவதும் வராதது அன்று வந்தது. மாப்பிள்ளை ராஜ்குமார் வீடு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, சாமைக் கொல்லைகளைத் தாண்டி. போய்ச் சேர்ந்தபோது மாமியார் வெள்ளையம்மாள் நல்ல புடவை கட்டி, கையில் பையோடு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். ஆள் நல்ல உயரம். குரல் அதைவிட உயரம்.

"யாருங்க?"

"பொண்ணுக்குப் பெரியப்பா முறை. ஆலங்காயம்."

"கல்யாணத்துல பாக்கலியே."

"மேடைப் பக்கம் வரல. பந்தில இருந்தேன்."

"பாத்த முகமா கீதே" என்று யோசித்தாள். பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள் என்றேன். அதோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. "வாங்க சம்பந்தி" என்று செருப்பைக் கழற்றினாள். நான் சம்பந்தி ஆகிவிட்டேன். கலைவாணி தண்ணீர் கொண்டுவந்தாள். கழுத்தில் காரை. என்னைப் பார்த்ததும் சொம்பு ஆடி என் வேட்டியெல்லாம் தண்ணீர். நகையைக் கேட்க வந்துவிட்டான் என்று நினைத்துவிட்டாள், பாவம். கதவோரம் போய் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளையம்மாளே பேச்சை எடுத்தாள். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. உங்க ஊருக்குத்தான் கெளம்பினேன். இத பாருங்க, மாடு கட்டற வளையமாட்டம். இந்தக் காலத்துப் பொண்ணு இத மாட்டிக்கினு எங்க போவும்? அழிச்சிட்டுக் கொலுசு பண்ணா ஆசையா போட்டுக்கும். கழட்டும்மா." கலைவாணி கழற்றினாள். கழற்றியதை வாங்க, வெள்ளையம்மாளுக்கு முன்னால் என் கை நீண்டது. ஏன் நீட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மச்சான், நான் கல்யாணத்தில்கூட மைக் பிடிக்காதவன். அன்றைக்குப் பேசினேன். "கொஞ்சம் இருங்க. இந்த எடத்தத் தொட்டுப் பாருங்க. சின்னச் சின்னப் பள்ளமா கீது பாருங்க, அது சுத்தியல் பட்ட எடம். கடைல வாங்கற கொலுசு இன்னிக்கி வாங்கினா நாளைக்கி அதே மாரி பக்கத்து வூட்டுலயும் இருக்கும். இது ஊர் ஊராத் தேடினாலும் ரெண்டாவது கெடைக்காது. இது ஒரு கழுத்துக்குன்னு தட்டனது. உள்பக்கம் தடவுங்க. வழவழன்னு கீதா? அது தட்டான் பண்ணது இல்ல, போட்டிருந்தவங்க பண்ணது. ஒருத்தி வாழ்ந்த வாழ்க்க பூரா தேஞ்சி வந்த வழவழப்பு. உருக்கினா வெள்ளி அப்டியேதான் இருக்கும், இது போய்டும். உள்பக்கமே இங்க பாருங்க, ஒரு ஒட்டு. வேற வெள்ளி வெச்சிப் பத்த வெச்சிருக்காங்க. ஒடஞ்சப்போ வித்துட்டுப் போயிருக்கலாம். அவங்களுக்கு மனசு வரல." சொல்லிக்கொண்டே போனேன். எல்லாம் உங்கள் அக்கா சோறு ஆற ஆறச் சொன்னது. தலையாட்டியதோடு போயிற்று என்று நினைத்திருந்தேன், உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. பேசப் பேச எனக்கே அது புதிதாகத் தெரிந்தது. கையில் அதன் கனம் நன்றாக இருந்தது.

வெள்ளையம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "உள்பக்கம் இருக்கற ஒட்டு வரைக்கும் உங்களுக்கு எப்டி தெரியும்?" என்றாள். "எங்க வூட்டுல ஒருத்தி கீறா. இதே பைத்தியம். பழைய நகை எங்க கண்டாலும் திருப்பித் திருப்பிப் பாப்பா. எனக்கும் ஒட்டிக்கிச்சி" என்றேன். பொய் இல்லை அது.

அவள் காரையை என் கையிலிருந்து வாங்கி, கட்டைவிரலால் உள்பக்கத்தை மெதுவாகத் தடவினாள். பிறகு அந்த உயரமான குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் ஒரு தண்டை இருந்துது சம்பந்தி. எங்கம்மா போட்டது. எம் மாமியாரு அழிச்சிக் கொலுசு பண்ணிக் குடுத்தாங்க, ஆசையாத்தான் குடுத்தாங்க. அத மாட்டிக்கினு கீழ பாத்தேன். யாரு காலோ மாரி இருந்துது." ஒரு கோழி வந்து என் ஈர வேட்டியைக் கொத்திப் பார்த்தது. வெள்ளையம்மாள் எழுந்து மருமகளிடம் போய், தன் கையாலேயே காரையைத் திரும்ப மாட்டிவிட்டாள். "இனிமே இத நீ கழட்டவே கூடாது" என்றாள்.

காப்பாற்றிவிட்டேன். அதே பேச்சில் நிரந்தரமாகத் தொலைத்தும் விட்டேன். கிளம்பும்போது சம்பந்தி மரியாதை என்று ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக் கொடுத்தாள். அது என் பேரப்பிள்ளை அளவு கனம். கலைவாணி ரோடு வரை வந்தாள். "பெரியப்பா, அத்தைக்குத் தெரியாம ஒரு நாள் கொண்டாந்து குடுத்துடறேன்" என்றாள். "வேணாம். நீ போட்டுக்கோ. போட்டாத்தான் அது நல்லாருக்கும்" என்றேன். உங்கள் அக்கா என் வாய்வழியாகப் பேசுகிறாள் என்று அப்போது எனக்குப் பயம் வந்தது. பஸ்ஸில் பலாப்பழத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டான் அந்தப் புதுப் பையன்.

வீட்டில் அவள் வாசலில் நின்றாள். "அழிக்கலியே?" "இல்ல." "யாருகிட்ட இருக்குது?" "பொண்ணு கழுத்துல." அவ்வளவுதான் கேட்டாள். பலாப்பழத்தை இறக்கக் கைகொடுத்தாள், அரிவாள்மணையில் எண்ணெய் தடவினாள், அன்று இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அடுத்த சந்தை நாளன்று வெள்ளையம்மாள் சம்பந்தி வீட்டைப் பார்க்க வந்துவிட்டாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. உங்கள் அக்கா கலங்காமல் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பஞ்சு பரப்பி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் அழுத்தி வைத்திருப்பாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்த வெள்ளையம்மாள் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். அங்கே நகை இல்லை. பஞ்சில் வட்டமாக ஒரு பள்ளம் மட்டும், ஒரு கழுத்து அளவுக்கு. பார்த்தாள். உங்கள் அக்காவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இந்த எடம் காலியா கீதே" என்றாள்.

"அங்க இருந்தது நல்ல எடத்துல இருக்குதுங்க" என்றாள் உங்கள் அக்கா.

வெள்ளையம்மாள் டீயை முழுவதும் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மூக்கில் போடும் பழைய நத்து ஒன்றை எடுத்து அந்தப் பள்ளத்தின் நடுவில் வைத்தாள். "எங்கம்மாது. இது ஒண்ணுதான் தப்பிச்சிது. இங்க இருக்கட்டும்" என்றாள். இன்றுவரை கலைவாணியிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். நான் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஆனால் மச்சான், கொடுத்தவர்கள் வருவார்கள் அல்லவா. வெள்ளையம்மாள் வாரம் தவறாமல் தன் அம்மாவின் நத்தைப் பார்க்க வருகிறாள். சம்பந்தி என்பதால் டீயோடு விட முடியாது, கறி எடுக்க வேண்டும். அவளும் உங்கள் அக்காவும் சேர்ந்து இப்போது மலையில் பஸ்ஸே போகாத ஊருக்கெல்லாம் போகிறார்கள். நடந்து. பை நான் தூக்குகிறேன். என் முழங்கால் இரண்டும் இனி வராது என்று சொல்லிவிட்டன. ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, தம்பி என்ற உரிமையில் நல்ல வார்த்தை சொல்லி, அந்த டிரங்குப் பெட்டியை ஓசூருக்குக் கொண்டுபோய் உங்கள் வீட்டுப் பரணில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். எனக்கு இனி ஒரு பழைய நகையைக்கூடப் பார்க்கத் தெம்பில்லை. இது உறுதி.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். வீட்டில் தங்கச்சிக்கு என் அன்பு. எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்ந்துபோன உங்கள் மாமா
ராஜாக்கண்ணு

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். நீங்கள் வர வேண்டாம். நானே ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வருகிறேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது உங்கள் மாமியார் காதில் ஒரு கொப்பு பார்த்தேன், சிவப்புக் கல் வைத்தது, ஒரு கல் உதிர்ந்து உள்ளே அரக்கு தெரியும். அதைக் கடையில் போட்டு மாற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து நான் வரும்வரை மாற்ற விடாதீர்கள், துடைக்கவும் விடாதீர்கள். உங்கள் அக்காவிடம் மூச்சு விட வேண்டாம். அவளுக்குத் தெரிந்தால் அவள் பெட்டிக்குப் போய்விடும். எனக்கென்று தனியாக ஒரு டப்பா வாங்கிப் பஞ்சு போட்டு வைத்திருக்கிறேன்.